டிறைவரின்ரை நம்பரை ஏன் குடுக்கப்படாது

எங்கடை ஒபிசிலை டிறைவர்மார் தேத்தண்ணி குடிக்கிற அறைச் சுவரிலை ஒரு மட்டை ஒட்டிக் கிடக்கு. முறைப்பாட்டுக்காரருக்கு டிறைவரின்ரை நம்பர் குடுக்கப்படாது எண்டு அதிலை எழுதியிருக்கு. வெய்யில் பட்டு மை மங்கிப் போச்சு. கிட்டடியிலை பென்சன் அலுவலாப் போய் அந்த அறை வாங்கிலை குந்தியிருக்கேக்கை, புதுசா வந்த டிறைவர் தம்பி ஒருத்தர் கேட்டார்.

"செல்லண்ணை, உது என்ன விசர்க் கட்டளை? நம்பர் குடுக்காட்டி ஆக்களை எங்கை நிண்டு ஏத்துறது?"

"செல்லண்ணையின்ரை நம்பரைக் குடுத்தாப் பெட்டையள் விடாமல் எடுப்பினமாம், அதுதான்" எண்டான் மற்றவன். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான். அந்த மட்டை என்னாலை வந்ததெண்டு அப்ப நான் சொல்லேல்லை. தேத்தண்ணி ஆறிப் போச்சு, எழும்பி வந்திட்டன்.

பேந்து நலன்புரிச் சங்கச் செயலாளர் எங்கடை மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு வீட்டை வந்திட்டார். நான் மூண்டாம் வகுப்போடை நிண்டவன். சொல்லுறது நான், எழுதுறது என்ரை மருமகள், தங்கச்சியின்ரை பிள்ளை. முறைப்பாட்டுக்கு வந்த ஆக்களின்ரை பேரும் ஊரும் மாத்தித்தான் சொல்லுறன். பிழையெண்டா அவவோடை கதையுங்கோ. இப்பவும் எழுதிக்கொண்டு சிரிக்கிறா.

என்ரை தொழில் துடங்கினது காங்கேசன்துறைச் சீமெந்து வேலைத்தலத்திலை, சுண்ணாம்புக்கல்லு ஏத்துற லொறியிலை கிளீனரா. பின்னேரம் வீட்டை போனா அம்மா படலையிலை வைச்சு ஈர்க்கு விளக்குமாத்தாலை என்னைத் தட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கை விடுவா. இடம்பெயர்ந்தது, உழவு மெசின் ஓடினது, வன்னியிலை பாண் வான் ஓடினது, திரும்பி வந்து அரசாங்கத்திலை டிறைவரானது, அதெல்லாம் சொல்லப் போனா மலர் முழுக்க நான்தான் இருப்பன். அரச அதிபற்றை கச்சேரி, நீர்ப்பாசனம், சுகாதாரம் எண்டு சுத்திச் சுத்திக் கடைசியா இந்த ஒபிசுக்கு வந்து சேர்ந்தனான்.

வெளியாக்கள் வாசிச்சாலும் எண்டதுக்காகச் சொல்லுறன். ரச் போனிலை முகப்படம் போட்டுச் சனம் கதைக்கிற ஆப்புகள் இருக்கெல்லோ. அந்தக் கொம்பனியள் எங்கடை விவரங்களை எப்பிடிச் சேர்க்குது, சேர்த்ததை என்ன செய்யுது எண்டு அரசாங்கத்துக்காகப் பாக்கிற ஒபிஸ் எங்கடை. சனத்துக்கு அது "போன் ஒபிஸ்". உடைஞ்ச போனைத் திருத்த எண்டு கொண்டு வந்தவையும் இருக்கினம். ஒரு அப்பு றேடியோவோடை வந்தவர்.

அங்கை விசாரணை அதிகாரி வதனி மிஸ். நான் ஓடின பெரியாக்களுக்குள்ளை அவவை மாதிரி ஒராளை நான் காணேல்லை. மெல்லிசாக் கதைப்பா. ஒரு கேள்வியை நேர கேக்கமாட்டா. முதல் ஒருக்காக் கேப்பா, பிறகு வேறை கதைக்குள்ளை வைச்சுக் கேப்பா, எழும்பிப் போகேக்கை கதவடியிலை நிண்டு திரும்பவும் கேப்பா. மூண்டு தரமும் ஒரே பதில் வந்தாத்தான் எழுதுவா. வண்டிக் கதவிலை ஒபிஸ் பேர் ஒட்ட விடமாட்டா. ஆக்களின்ரை வீட்டு வாசலிலை வண்டியைக் கொண்டுபோய் நிப்பாட்டவும் விடமாட்டா. "ஊர்ச்சனம் கதைக்கும் அண்ணை, ஒழுங்கை முகப்பிலை நில்லுங்கோ" எண்டுதான் சொல்லுவா.

அவவிட்டை ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. பெரிய வட்ட ரின், மூடியிலை றோசாப்பூ. ஆக்கள் வாய் திறக்க முந்தி எல்லாற்றை போனும் அதுக்குள்ளை போகவேணும். முதல் தன்ரையை நிப்பாட்டிப் போடுவா, பிறகுதான் மற்றாக்களிட்டை நீட்டுவா. "நாங்கள் கதைக்கிறது அதுகளுக்குக் கேக்கத் தேவையில்லை" எண்டு சொல்லி மூடியை இறுக்கி என்ரை கையிலை தருவா. நான் அதைக் கொண்டுபோய் வண்டிக்குள்ளை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறது. அதுதான் என்ரை வேலை. என்ரை பட்டன் போனை மட்டும் விட்டிட்டா. "உங்கடைக்கு ஒண்டும் விளங்காது அண்ணை" எண்டுவா.

எல்லாரும் நிப்பாட்டித்தான் போடுறது எண்டில்லை. மடியிலை இருக்கேக்கை ரின் சில நேரம் உள்ளுக்கை நடுங்கும். ஒண்டு நடுங்கி ஓய, மற்றது நடுங்கும். கேள்வியும் மறுமொழியும் மாதிரி. நான் வானொலிப் பாட்டைக் கூட்டிப்போட்டு இருப்பன்.

வாற ஆக்களை ஏத்தி இறக்கிறதும் நான்தான். பஸ்ஸிலை வரப் பயந்த ஆக்கள், ஏலாத ஆக்கள், எல்லாருக்கும் மிஸ் என்ரை நம்பரைக் குடுப்பா. "டிறைவர் அண்ணைக்கு எடுங்கோ, வந்து ஏத்துவார்." அச்சுவேலித் தங்கராசா மாஸ்ரர் ஒவ்வொரு வியாழனும் எடுப்பார். அவற்றை பேரிலை ஆரோ கணக்குத் திறந்து அவற்றை பழைய மாணவரிட்டைக் காசு கேட்டுக்கொண்டு இருந்தாங்கள். மனுசன் வண்டியிலை ஏறினா இறங்குமட்டும் கதை.

திரேசா எண்ட பிள்ளை வந்தது அப்பிடி ஒரு காலத்திலை. சொந்த இடம் குருநகர். புருசன் அன்ரன், மீன்பிடி வள்ளம் வைச்சிருந்தவன். அவனை விட்டு ஒளிச்சு ஓடி வந்து உரும்பிராயிலை கமலாக்கா எண்ட தோட்டக்காரப் பொம்பிளையின்ரை வீட்டிலை ஒரு அறையிலை இருந்தது. வெங்காயம் வெட்டித் தாள் பிரிக்கிற வேலை. இடக்கை மணிக்கட்டு வடிவா மடங்காது. கேட்டதுக்கு "வள்ளத்திலை இடிச்சது அண்ணை" எண்டது. மிஸ் மூண்டாந்தரம் கேக்கேக்கை வேறை பதில் வந்தது. இன்னொருக்கா அகப்பட்டா உயிரோடை விடமாட்டன் எண்டு கோயில் வாசலிலை வைச்சே சொன்னவனாம்.

வேதக்காரப் பிள்ளை நெத்தியிலை பெரிசாப் பொட்டு வைச்சுக்கொண்டு, செபமாலையை அரிசிப் பானைக்குள்ளை தாட்டு வைச்சுக்கொண்டு இருந்தது. பேர் சாந்தி எண்டு மாத்தியாச்சு. சிம்மும் புதிசு. ஆனா வெங்காய முதலாளி வேலைக்கு வரச்சொல்லி ஆப்பிலை குறூப்புக்குத்தான் போடுறவர். அதுக்காண்டி ஒரு கணக்குத் திறந்தது. திறக்க முகத்தைக் காட்டு எண்டு கேட்டிருக்கு. வெங்காயச் சாக்குகளுக்கு முன்னாலை நிண்டு ஒரு படம் எடுத்துக் குடுத்திட்டுது. பிறகு பயம் வந்து அழிக்கப் பாத்தா அழியேல்லை. கொம்பனிக்கு எழுதினா, உங்கடை கருத்துக்கு நன்றி எண்டு ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வந்தது.

"என்னை அதுக்குள்ளாலை எடுத்து விடுங்கோ மிஸ். வேறை ஒண்டும் வேண்டாம்" எண்டுதான் கேட்டது.

அழிக்கச் சொல்லிக் கொம்பனிக்குக் கட்டளை போடுற அதிகாரம் எங்கடை ஒபிசுக்கு இருந்தது. ஆனா கொழும்புக்குப் போய், அங்கையிருந்து வெளிநாட்டுக்குப் போய், பதில் வரவேணும். மிஸ் அண்டைக்கே எழுதினவா.

அதே நாள் காலமை வேறையொரு முறைப்பாடு. குருநகர் மேரி அக்கா. அவவின்ரை முகத்தை எடுத்து ஆரோ வெள்ளையாகிற கிறீம் விக்கிறாங்கள். நல்ல பகிடிக்காரி. "நான் இந்தக் கறுப்பு, என்னை வைச்சு வெள்ளைக் கிறீம் விக்கிறான், விசரனாத்தான் இருக்கவேணும்" எண்டு வண்டிக்குள்ளை சொல்லிச் சொல்லிச் சிரிச்சவா. அவ கையெழுத்து வைக்கக் காத்துக்கொண்டு முன்னறையிலை இருக்க, திரேசா பின்னறைக்கு வந்திட்டுது. ஒருத்தரை ஒருத்தர் காணேல்லை. ரெண்டு பேற்றை போனும் மட்டும் ஒரு ரின்னுக்குள்ளை, என்ரை மடியிலை கிடந்தது. மேரி அக்கா அன்ரன்ரை கூடப்பிறந்த தமக்கை எண்டு எனக்கும் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது.

கொஞ்ச நாளிலை திரேசா எனக்குக் கோல் எடுத்தது. குரல் நல்லா இறங்கிப் போச்சு.

"அண்ணை, உங்கடை ஒபிசுக்கு வந்த பிறகுதான் இது நடக்குது."

"என்ன பிள்ளை?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களாய் இருக்கலாம் எண்டு முகங்கள் வருகுது. முதல் ஆரோ ஒரு மாஸ்ரர். பிறகு தெரியாத ஆக்கள். இண்டைக்கு விடிய என்ரை மச்சாள் வந்து சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. நான் ஒருத்தற்றை பேரும் போடேல்லை அண்ணை. அவ எனக்கு வந்தா, நான் அவவுக்குப் போயிருப்பன் எல்லோ?"

நான் உடனை மிஸ்ஸிட்டைச் சொன்னன். மாஸ்ரர் எண்டதைக் கேட்டதும் அவ எழும்பினவா. முறைப்பாட்டுக் கோப்பை எடுத்துப் பாத்தா. மேரி அக்காவின்ரை பேர், அதே நாள், அதே குருநகர். பிறகு ரின்னை மேசையிலை வைச்சு மூடியைக் கழட்டி, வெறும் ரின்னுக்குள்ளை கனநேரம் பாத்துக்கொண்டிருந்தா.

"வெளியாலை ஒண்டும் போகக்கூடாது எண்டுதான் மூடினனான் அண்ணை. உள்ளுக்கை ஒண்டோடை ஒண்டு கிடக்குதுகள் எண்டு யோசிக்கேல்லை."

என்ரை மடியிலை ஏதோ நடுங்கின மாதிரி இருந்தது. மடியிலை ஒண்டும் இல்லை.

ஆனா அவ ஒருக்காக் கேட்டு விடுகிற ஆளில்லை எண்டு சொன்னனானெல்லே. தங்கராசா மாஸ்ரர் வந்தது வேறை நாள். அவற்றை போனும் திரேசாவின்ரையும் ஒரு ரின்னுக்குள்ளை கிடக்கேல்லை. அது அவவுக்குப் பிடிபடேல்லை. அலுமாரியிலை கிடந்த ஒபிஸ் போன் ஒண்டை எடுத்தா. ஒரு மனுசற்றை கையும் படாத போன். புதுச் சிம் போட்டா. இல்லாத ஒரு பேரிலை, முகம் கேட்டதுக்குக் கலண்டர்ப் படத்தைக் காட்டிக் கணக்குத் திறந்தா. "இப்ப இதுக்கு ஒருத்தரையும் தெரியாது" எண்டா. பிறகு நம்பர் சேமிக்கிற இடத்திலை ஒரே ஒரு நம்பரை மட்டும் போட்டா. என்ரை நம்பர்.

மத்தியானம். மின்விசிறி சுத்துது. ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்தம். கொஞ்சத்தாலை ஒரு முகம் வந்தது. தங்கராசா மாஸ்ரர். பிறகு கோப்பாயிலை ஏத்தின நேர்ஸ். பிறகு மேரி அக்கா. பிறகு, வெங்காயச் சாக்குகளுக்கு முன்னாலை, பொட்டோடை திரேசா. மிஸ் விரலாலை தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தினம். என்ரை வண்டியிலை ஏறி இறங்கின ஆக்கள். பின் சீற்றிலை இருந்து அழுதவை, பகிடி விட்டவை, பேசாமல் யன்னலாலை பாத்துக்கொண்டு வந்தவை. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டினம்.

"அண்ணை, உங்களுக்கு உதிலை கணக்கு இருக்கே?"

"எனக்கெங்காலை மிஸ்? என்ரை போனிலை பாம்பு விளையாட்டு மட்டும்தான் இருக்கு."

"கணக்கு இல்லை. ஆனா எல்லாற்றை போனிலையும் நீங்கள் இருக்கிறியள். அவை தங்கடை நம்பருகளை முழுக்க அதுக்குக் குடுத்திட்டினம். நடுவிலை முகமில்லாமல் ஒராள் நிக்கிறார், இவையெல்லாம் அவரைச் சுத்தி நிக்கினம் எண்டு அதுக்குத் தெரியும்."

கொம்பனி இதை ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. இண்டைவரைக்கும் சொல்லேல்லை.

அவ இன்னொரு ஆப்பையும் காட்டினவா. அதிலை நம்பரை அடிச்சா, மற்றாக்கள் அந்த நம்பரை என்ன பேரிலை வைச்சிருக்கினமோ அந்தப் பேரைக் காட்டும். என்ரையை அடிச்சா. போன் ஒபிஸ் டிறைவர். டிறைவர் அண்ணை. மொட்டை டிறைவர். கடைசிப் பேர் ஆர் வைச்சதெண்டு எனக்குத் தெரியும், அந்த நேர்ஸ்தான். ஆனா அப்ப சிரிப்பு வரேல்லை. நான் ஒருக்காலும் போகாத ஒரு வீட்டிலை என்ரை சேட்டு கொடியிலை காய்ஞ்சுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பாத்து என்ரை போன் அடிச்சுது. மேரி அக்கா.

"அண்ணை, உங்களுக்கும் மிஸ்ஸுக்கும் கோடி புண்ணியம். உங்கடை ஒபிசுக்கு வந்துதான் எங்கடை பெட்டை அகப்பட்டது. ஓடிப்போன என்ரை மச்சாள். ஆப்பிலை தானா வந்து நிக்கிறாள். வெங்காயச் சாக்கிலை கடைப் பேரும் உரும்பிராய் எண்டும் வடிவாத் தெரியுது. தம்பி மோட்டச்சைக்கிளிலை வெளிக்கிட்டிட்டான். மாதாவே எண்டு ரெண்டு பேரும் சேர்ந்திட்டாக் காணும்."

அவ சந்தோசத்திலை அழுதுகொண்டு சொன்னவா. நான் மிஸ்ஸின்ரை முகத்தைப் பாத்தன். சத்தம் வெளியிலை கேட்டிருக்கு. அவ செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலிலை நிண்டா.

உரும்பிராய் போய்ச் சேருமட்டும் மிஸ், திரேசாவின்ரை போனுக்கு அடிச்சுக்கொண்டே வந்தவா. போன் நிப்பாட்டிக் கிடந்தது. பயத்திலை நிப்பாட்டியிருக்கு. பொலிசுக்கும் சொன்னவா. வாறம் எண்டவை. பழக்கதோசத்திலை நான் வண்டியை ஒழுங்கை முகப்பிலை நிப்பாட்டினன். அவ இறங்கி வேலிக்கரையாலை உள்ளுக்கை போட்டா. கமலாக்காவின்ரை வீடு ஒழுங்கை முடிவிலை, அங்காலை வெங்காயத் தோட்டம்.

உச்சி வெய்யில். செம்பாட்டு மண் கண்ணைக் குத்துது. ஒரு சனம் இல்லை. தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் சடாரெண்டு நிண்டுது. அப்பத்தான் கண்ணாடியிலை பாத்தன், பின்னாலை ஒரு மோட்டச்சைக்கிள் மெல்ல மெல்ல வருகுது.

வந்தவன் வண்டிக்குப் பக்கத்திலை காலை ஊண்டி நிண்டான். வடிவாத் தலை இழுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பூசைக்குப் போற ஆள் மாதிரி. மெல்லிசான குரல்.

"ஐயா, கோவிக்கக் கூடாது. உவவை இஞ்சாலை எங்கையும் கண்டனீங்களோ?"

போனை நீட்டினான். பொட்டோடை திரேசா.

"இல்லைத் தம்பி. நான் வெளியூர். வெங்காயம் ஏத்த வந்தனான்."

"என்ரை மனுசி. கொஞ்சம் மனநிலை சரியில்லை. பாவம், தனிய எங்கை கஷ்டப்படுகுதோ தெரியாது." உண்மையாவே கண் கலங்கினது அவனுக்கு. அதுதான் எனக்குக் கூடப் பயமாப் போச்சு. "உங்கடை நம்பரைத் தாங்கோ ஐயா. கண்டாச் சொல்லலாம்."

நம்பரை அடிச்சா அவன்ரை போன் என்ன பேர் சொல்லும் எண்டு எனக்குத் தெரியும்.

"எனக்குப் போன் இல்லைத் தம்பி."

சொல்லி வாய் மூடேல்லை, சேட்டுப் பொக்கற்றிலை போன் அடிச்சுது. பட்டன் போன் எல்லோ, கோயில் மணி மாதிரி. அவன் என்ரை பொக்கற்றைப் பாத்தான். சிரிச்சான்.

"எடுங்கோ ஐயா."

எடுத்துக் காதோடை இறுக்கிப் பிடிச்சன். மிஸ். "அண்ணை, ஆள் இஞ்சை இருக்கிறா. வண்டியை வாசலுக்குக் கொண்டு வாங்கோ, கெதியா."

"ஓமப்பா, கேக்குது" எண்டன். "முன் படலையாலை வராதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது. நாய் நிக்குது. தோட்டத்தாலை பின் றோட்டுக்குப் போ, நான் அங்கை வந்து ஏத்துறன்."

நான் நாற்பது வருசம் கட்டின மனுசியோடையும் அப்பிடிக் கதைச்சதில்லை. பிறகு மிஸ் தன்ரை மெல்லிசான குரலிலை "விளங்குது" எண்டா.

"மனுசி" எண்டன் அவனுக்கு. "போன் அவவின்ரை. எனக்கு நம்பர் பாடமில்லை."

"அப்ப எனக்கு ஒரு மிஸ் கோல் அடியுங்கோ, விழட்டும்."

"காசில்லைத் தம்பி, றீலோட் போடவேணும்."

"மிஸ் கோலுக்குக் கொஞ்சம் காணும் ஐயா." யன்னலாலை கையை உள்ளுக்கை விட்டான். விரல் நீட்டு நீட்டா, நகம் வெட்டித் துப்பரவா இருந்தது. "தாங்கோ, நான் அடிக்கிறன்." மற்றக் கையிலை அவன்ரை போன், திரேசா என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. அவன் என்ரை முகத்தை உத்துப் பாத்தான். "உங்களை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு. எங்கடை ஆக்களுக்குத் தெரிஞ்ச முகம் மாதிரி."

நான் கியரைப் போட்டன். கை வெளியிலை போச்சு. அவன் கத்தேல்லை, கலைக்கேல்லை. கண்ணாடியிலை பாத்தன், அந்த வெய்யிலுக்குள்ளை வண்டி நம்பருக்கு நேர போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

பின் றோட்டிலை வெங்காயப் பாத்திக்குள்ளாலை ரெண்டு பேரும் வந்தினம். மிஸ்ஸின்ரை சேலை முழங்கால் மட்டும் செம்பாடு. திரேசா அரிசிப் பானையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தது. வேறை ஒண்டும் எடுக்கேல்லை. நேர அச்சுவேலிக்கு ஓடினன். போற வழியிலை அந்தப் பிள்ளை தன்ரை போனை எடுத்து, மடங்காத கையாலை யன்னலுக்கு வெளியிலை விட்டிட்டுது. கண்ணாடியிலை அது தார் றோட்டிலை துள்ளித் துள்ளி வாறதைக் கண்டன்.

அச்சுவேலியிலை மிஸ் வேறையொரு வண்டி ஒழுங்கு பண்ணியிருந்தா. அதிலை திரேசா ஏறிச்சுது. எங்கை போகுதெண்டு நான் கேக்கேல்லை. மிஸ்ஸும் சொல்லேல்லை. கதவைச் சாத்தேக்கை அந்தப் பிள்ளை "அண்ணை, உங்கடை நம்பரைப் பாடமாக்கி வைச்சிருந்தனான். மறக்கப் பாக்கிறன்" எண்டது.

அடுத்த நாள் அந்த மட்டை சுவருக்கு வந்தது. மிஸ் தன்ரை கையாலை எழுதினது. வேலைக்கு எனக்கு வேறை போன், ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் வேறை சிம். ரின்னைத் தான் வைச்சிருக்க விருப்பமில்லை எண்டு என்னட்டைத் தந்திட்டா. திரேசாவை அழிக்கச் சொன்ன கட்டளைக்குக் கொம்பனி கடைசியா ஓமெண்டு எழுதினது. படம் அழிஞ்சுது. அழிஞ்சதை ஒபிஸ் போனிலை மிஸ் எனக்குக் காட்டினவா. அந்தப் பிள்ளை நிண்ட இடத்திலை முகமில்லாத ஒரு சாம்பல் நிறத் தலை. மிஸ் பிறகு மாற்றலாகிக் கொழும்புக்குப் போட்டா. நான் பென்சனுக்கு வந்திட்டன். அன்ரனைப் பொலிஸ் ஒருக்கா விசாரிச்சு விட்டதாக் கேள்வி.

எனக்கு மனதுக்குள்ளை ஒண்டு கிடந்தது. அந்தப் பிள்ளை இருக்கோ, இல்லையோ. கேக்க ஆளில்லை. கேக்கவும் கூடாது.

போன கிழமை மகன் வெளிநாட்டிலையிருந்து ஒரு ரச் போன் அனுப்பினான், பேத்தியைப் பாக்கட்டாம். இதை எழுதுற மருமகள்தான் திறந்து தந்தவா. பென்சன், வங்கி எல்லாம் என்ரை பழைய நம்பரிலை. அதையே போட்டா. முகத்தைக் காட்டச் சொல்லிச்சுது, காட்டினன். வடிவாப் பாத்து எடுத்துக்கொண்டுது. உடனை ஆக்கள் வந்தினம்.

தங்கராசா மாஸ்ரர் முதல். அவற்றை செத்தவீட்டுக்குப் போனனான் நான். சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். பிறகு நேர்ஸ். மேரி அக்கா. தலை நரைச்ச வதனி மிஸ். கனகாலம் எனக்காகக் காத்துக்கொண்டு நிண்ட மாதிரி நிண்டினம். அதுக்குப் பிறகு ஒரு பொம்பிளை. பேர் திரேசாவும் இல்லை, சாந்தியும் இல்லை. நெத்தியிலை பொட்டில்லை. தலைமயிர் கட்டையா வெட்டிக் கிடக்கு. தேத்தண்ணிக் கோப்பையை ஏந்திக்கொண்டு நிக்கிறா. இடக்கை மணிக்கட்டு மடங்காமல் நேர நிக்குது.

"மாமா, உவ ஆர்? தெரிஞ்சவாவோ? கூப்பிடட்டே?" எண்டு மருமகள் கேட்டா.

நான் வடிவாப் பாத்தன். முகம் கொஞ்சம் சதை வைச்சிருக்கு. சிரிப்புக் கண்ணிலையும் கிடந்தது. கோப்பையிலை ஆவி பறக்குது. காணும்.

"இல்லைப் பிள்ளை. தெரியாது. எடுத்து விடு."

அவ அமத்தினா. ஏன் எடுக்கிறியள் எண்டு அது கேட்டுது. மருமகள் ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினா. "இவரை எனக்குத் தெரியாது எண்டிருக்கு மாமா."

"அதை அமத்து."

முகம் போச்சு. அந்த இடத்திலை ஒரு வசனம் வந்தது. மருமகள் அதையும் வாசிச்சா: நன்றி, உங்களை இன்னும் நல்லாத் தெரிஞ்சுகொள்ள இது எங்களுக்கு உதவும்.

மிஸ்ஸின்ரை ரின் என்ரை கட்டிலுக்குக் கீழை கிடந்தது. எடுத்துத் தூசு தட்டி, போனை அதுக்குள்ளை வைச்சு மூடினன். பேத்தியோடை கதைக்கேக்கை மட்டும் திறக்கிறது. மற்ற நேரம் அது அதுக்குள்ளை தனியக் கிடக்கட்டும். நேற்றும் நான் படுத்திருக்கேக்கை கட்டிலுக்குக் கீழை நடுங்கிச்சுது. ஓய்ஞ்சு, கொஞ்சத்தாலை திரும்பவும் நடுங்கிச்சுது, மறுமொழி வந்த மாதிரி. உள்ளுக்கை வேறை ஒண்டும் இல்லை. நான் திறந்து பாக்கேல்லை.